பயிற்சி முடிந்ததும் மதிப்பெண் குறைந்தால்?

கேள்வி: பெற்றோருக்குக் குழந்தை வளர்ப்புப் பயிற்சி நடத்துகிறேன். தொடக்கத்திலும் முடிவிலும் ஒரே வினாத்தாளைக் கொடுத்து அவர்களையே நிரப்பச் சொன்னேன். நன்றாக முன்னேறியதாக நான் நினைத்த சிலருக்கே மதிப்பெண் குறைந்திருக்கிறது. பயிற்சி வீணா?

பதில்: முதலில், குறைந்தது நல்லதா கெட்டதா என்று பாருங்கள். 1993-இல் வெளிவந்த 'பேரன்டிங் ஸ்கேல்', பெற்றோர் கண்டிக்கும் முறையை அளக்கும் வினாத்தாள்; 30 கேள்விகள் கொண்டது. அதில் மதிப்பெண் கூடினால்தான் சிக்கல். குழந்தை வளர்ப்பு முறைகளை அளக்கும் இன்னொன்றான, 42 கேள்விகள் உள்ள அலபாமா வினாத்தாளில் பாராட்டு, ஈடுபாடு ஒரு பக்கம்; கண்காணிப்புக் குறைவு, அடி, முன்னுக்குப்பின் முரணான கண்டிப்பு மறுபக்கம். எல்லாவற்றையும் கூட்டி ஒரே எண்ணாக்கினால் அதற்குப் பொருளே இல்லை. இந்தத் தவறை அடிக்கடி பார்க்கிறேன்.

அதில் பிழை இல்லையென்றால், பெற்றோரின் அளவுகோலே மாறியிருக்கலாம். "பிள்ளை சொல்வதைப் பொறுமையாகக் கேட்கிறேன்" என்ற வரிக்கு முதல் நாள் 'எப்போதும்' என்று டிக் அடித்த அப்பா, கேட்பது என்றால் குறுக்கே புத்தி சொல்லாமல் இருப்பதும்தான் என்று தெரிந்தபின் 'சில நேரம்' என்கிறார். அவர் மோசமாகிவிடவில்லை, தன்னைக் கறாராகப் பார்க்கத் தொடங்கியிருக்கிறார். அடுத்த முறை முடிவில் இரண்டு கட்டங்கள் வையுங்கள்: இப்போது எப்படி, பயிற்சிக்கு முன் எப்படி இருந்தேன் என்று இப்போது தோன்றுகிறது. ஆனால் இதை மட்டும் நம்பவும் கூடாது. இத்தனை நாள் வந்துவிட்டு 'ஒன்றும் மாறவில்லை' என்று எழுதப் பலருக்கு மனம் வராது. பழைய நிலையைத் தாழ்த்திக் காட்டிவிடுவார்கள். தொடக்கத்தில் நிரப்பிய தாளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

வினாத்தாள் எதை அளக்கிறது என்பதும் முக்கியம். "நல்ல பெற்றோராக இருக்க எனக்குத் தெரியும்" என்பது போன்ற வரிகள் தன்னம்பிக்கையை அளப்பவை, திறமையை அல்ல. திறமைக்கு அருகில் போக வேண்டுமானால் நடத்தையைக் கேளுங்கள், காலத்தையும் குறுக்குங்கள். 'பொதுவாக' என்பதற்குப் பதில் "கடந்த ஏழு நாளில் எத்தனை முறை கத்தினீர்கள்?" என்று கேட்டால் நினைவு ஓரளவு கை கொடுக்கும். போனில் அழைத்து, நேற்று நடந்ததை மட்டும் விசாரிப்பது இன்னும் மேல்.

அடிப்பதைப் பற்றிய கேள்விகளுக்கு உண்மையை எழுதத் தயங்குவார்கள்; அதனால் தாளில் பெயருக்குப் பதில் குறியீட்டு எண் போடுங்கள். தாளை வாங்குபவர் பயிற்சியாளராக இருக்க வேண்டாம். சிலரிடமாவது பெற்றோரும் பிள்ளையும் சேர்ந்து விளையாடுவதை அனுமதியோடு படம் பிடித்து, யார் பயிற்சி பெற்றவர் என்று அறியாத ஒருவரை மதிப்பிடச் சொல்லுங்கள். பெற்றோர் சொல்வதும் பார்ப்பவர் காண்பதும் பல நேரம் ஒத்துப்போகாது. அப்படி விலகினால் இரண்டையும் சராசரியாக்காமல் தனித்தனியாகவே அறிக்கையில் எழுதுங்கள்.