களை புடுங்குறதுக்கா காட்டுயிர் படிச்சேன்?

காடு, களப்பணி, படிப்பு பத்தி வாசகர்கள் கேட்ட கேள்விகளும் பதில்களும்

கேள்வி: அக்கா, நான் எம்.எஸ்சி வைல்ட்லைஃப் பயாலஜி முடிச்சிருக்கேன். நீலகிரில ஒரு அமைப்புல ஆறு மாசம் இன்டர்ன்ஷிப் கெடச்சிருக்கு. கேமரா ட்ராப் (மிருகம் குறுக்க வந்தா தானா படம் எடுக்குற கேமரா) வைக்கிறது, புலித்தடம் பாக்குறதுன்னு ஆசையா இருந்தேன். ஆனா அவங்க சொன்ன வேலை உண்ணிச்செடி (லான்டானா) எடுக்குற எடத்துல பிளாட் போட்டு, அதாவது அளந்து ஒரு கட்டம் குறிச்சு, செடி எண்ணுறது, மஞ்சள் கொன்றை (சென்னா ஸ்பெக்டாபிலிஸ்) நாத்து புடுங்குறது. வீட்ல "இதுக்காடா அஞ்சு வருஷம் படிச்ச"ன்னு கேக்குறாங்க. போலாமா?
— வாசகர், மயிலாடுதுறை

பதில்: போங்க தம்பி, தாராளமா போங்க. புலியைப் புரிஞ்சுக்கணும்னா அது அடிச்சுத் திங்கிற புள்ளிமானும் கடமானும் காட்டுமாடும் எதை மேயுதுன்னு மொதல்ல தெரியணும், அதுங்க மேயுற புல்லு இருந்த எடத்துலதான் இன்னைக்கு உண்ணிச்செடி ஆளுயரத்துக்கு மேல வளந்து பொதரா நிக்குது. அமெரிக்க வெப்பமண்டலத்துச் செடி அது, 1800கள்ல அழகுக்குன்னு தோட்டத்துல வைக்க கொண்டுவந்தாங்க, இப்ப இந்தியாவுல புலி வாழுற காடுகள்ல 40 சதவீதத்துக்கு மேல பரவியிருக்குன்னு 2020ல வந்த ஒரு ஆய்வு சொல்லுது. எலைல வெசம் இருக்கு, மாடு தின்னா கல்லீரல் கெடும், அதனால பெரும்பாலும் எதுவும் அதை மேயுறதில்ல. பழத்தை மட்டும் சின்னான் குருவி மாதிரி பறவைங்க தின்னுட்டு போற எடமெல்லாம் வெதையை போட்டுட்டு போகுது. கோடைல தீ புடிச்சா தரையோட போக வேண்டிய நெருப்பு இந்தப் பொதர் வழியா மரத்து மேல ஏறும்.

மஞ்சள் கொன்றை கதை இன்னும் வேகமானது. அதுவும் மத்திய, தென் அமெரிக்கா பக்கத்து மரம். பூக்குறப்ப பாத்தா காடே மஞ்சளா அவ்ளோ அழகா இருக்கும், டூரிஸ்ட் எல்லாம் வண்டியை நிறுத்தி போட்டோ எடுப்பாங்க, ஆனா அடில குனிஞ்சு பாருங்க, புல்லு இருக்காது, வேங்கை, நெல்லி, மருதம் இதுல ஒரு கன்னு கூட தேடித்தான் புடிக்கணும். முதுமலைலயும் வயநாட்டுலயும் இதான் நெலமை.

அதனால நீங்க எண்ணப் போறது வெறும் செடியை இல்ல, மானுக்கு சோறு இருக்கா இல்லையான்னு எண்ணப் போறீங்க. இன்னொன்னு சொல்றேன், கேமரா ட்ராப் வைக்க கத்துக்க ஒரு வாரம் போதும். ஒரு கையளவு நாத்தை பாத்து இது என்ன மரத்து கன்னுன்னு சொல்ல பல மாசம் காட்டுல குனிஞ்சு நிக்கணும், அது தெரிஞ்ச ஆளுங்க நம்ம ஃபீல்டுல ரொம்பக் கம்மி, தெரிஞ்சவங்களுக்கு வேலை தானா வரும்.

போனதும் ஒரு கேள்வி மட்டும் கேளுங்க. செடி எடுத்த எடத்துல பிளாட் போட்டிருக்கீங்க, எடுக்காத எடத்துலயும் போட்டிருக்கீங்களா, எடுக்குறதுக்கு முன்னாடி அங்க என்ன இருந்துச்சுன்னு கணக்கு இருக்கான்னு. இது ரெண்டும் இல்லன்னா பின்னாடி புல்லு வந்தாலும் அது நம்ம எடுத்ததால வந்துச்சா, அந்த வருஷம் நல்ல மழைங்கறதால வந்துச்சான்னு யாராலயும் சொல்ல முடியாது. முதுமலைல இந்திய அறிவியல் கழகம் 1988ல 50 ஹெக்டேர்ல ஒரு பிளாட் போட்டு ஒவ்வொரு மரத்துக்கும் நம்பர் குடுத்து இன்னமும் வருஷா வருஷம் எது செத்துச்சு எது புதுசா வந்துச்சுன்னு பாத்துட்டு இருக்காங்க. காட்டைப் பத்தி உறுதியா ஒரு வார்த்தை சொல்லணும்னா அந்தப் பொறுமை வேணும்.

கேள்வி: நான் கூடலூர் பக்கம். வருஷா வருஷம் உண்ணிச்செடியை வெட்டுறாங்க, அடுத்த மழைக்கு முன்ன விட அடர்த்தியா வருது. எதுக்கு இந்த வேலை?
— வாசகர், நீலகிரி

பதில்: நீங்க பாத்தது சரிதாங்க. மேலோட வெட்டுனா அது செடிக்கு கவாத்து பண்ண மாதிரி, அடில இருந்து பத்து கெளை வெடிக்கும். வேரும் தண்டும் சேருற எடத்துல, மண்ணுக்கு சரியா கீழ, மறுபடி துளிர்க்கிற பகுதி இருக்கு. அதுக்குக் கீழ, மண்ணுல 3லிருந்து 5 சென்டிமீட்டர் ஆழத்துல ஆணிவேரை வெட்டி, செடியை அப்படியே தூக்கி வேர் மேல பாக்குற மாதிரி தலைகீழா போட்டுடணும், மண்ணு தொடாம காஞ்சு போயிடும். டெல்லி பல்கலைக்கழகத்துல பேராசிரியர் சி.ஆர். பாபு குழு கொண்டுவந்த முறை இது, இதுல மருந்து கிடையாது, மண்ணையும் பெருசா கெளற வேண்டியதில்ல. ஜேசிபி விட்டு புரட்டுனா உள்ள கெடக்குற வெதையெல்லாம் மேல வந்து மொளைக்கும், அந்த வெறும் மண்ணுல பார்த்தீனியமும் வந்து குந்திக்கும்.

மஞ்சள் கொன்றைக்கு இது செட் ஆகாது. மரத்தை அறுத்தா அடிமரத்துல இருந்து கொத்தா துளிர்க்கும். அதனால சின்ன நாத்தை மழை ஈரத்துல வேரோட உருவிடுவாங்க, பெரிய மரத்துக்கு சுத்தி பட்டையை உரிச்சு நின்ன எடத்துலயே காய விடுறதும் உண்டு. அறுத்தா துளிர் வரவர திரும்பத் திரும்ப எடுக்கணும். முதுமலைல வெட்டுன மரத்தை டி.என்.பி.எல் (தமிழ்நாடு காகித ஆலை) காகிதக் கூழுக்கு எடுத்துட்டு போறாங்க. 2022ல தமிழ்நாடு அரசு அந்நியத் தாவரங்களுக்குன்னே தனி கொள்கை கொண்டுவந்துச்சு, எடுத்த எடத்துல நம்ம தாவரங்களை மீட்டுக் கொண்டுவர்றதும் அதுல சேத்திதான்.

ஆனா வெட்டுறதுக்கு காசு சுலபமா கெடைக்குது, அடுத்த மூணு நாலு வருஷம் போய் போய் நாத்து புடுங்க காசு கெடைக்க மாட்டேங்குது. உங்க ஊர்ல நடந்தது அதுவாத்தான் இருக்கணும். பறவை உக்காருற மரத்தடிலதான் உண்ணி மொதல்ல மொளைக்கும், மழைக்கு அப்புறம் அங்க மட்டும் ஒழுங்கா சுத்தி வந்தாலே பாதி வேலை மிச்சம். அந்த சுத்து வர்ற வேலையை ஊர்ல இருக்குற பணியர், பெட்டகுறும்பர், காட்டுநாயக்கர் பழங்குடி ஆளுங்களுக்கு வருஷம் முழுக்க கூலி வேலையா குடுக்கணும், அவங்களுக்குத்தான் எந்த மரத்துல எந்தப் பறவை உக்காருதுன்னு நமக்கு முன்னாடியே தெரியும். அந்த சமூகத்து ஆளுங்க கூடலூர் பக்கம் உண்ணிக் குச்சியை வளைச்சு நெசமான அளவுல யானை செய்றாங்க, 2024ல நூறு யானை அமெரிக்கா வரைக்கும் போச்சு. அதால காடு முழுக்க காலியாயிடாது, ஆனா அந்தக் குச்சிக்கு ஒரு வருமானம் வந்திருக்கு, எனக்கு அதுல உண்மையாவே சந்தோஷம்.

கேள்வி: என் பொண்ணு இந்த மாதிரி ஒரு இன்டர்ன்ஷிப்புக்கு காட்டுக்கு போகணும்ங்கறா. தடுக்க மனசில்ல, அனுப்பவும் பயமா இருக்கு.
— ஒரு அம்மா, ஈரோடு

பதில்: அம்மா, உங்க பயம் நியாயமானது, அதை உள்ளயே அடக்கி வைக்காதீங்க, கேள்வியா மாத்தி அந்த அமைப்புகிட்ட கேளுங்க. உண்ணிப் பொதருக்குள்ள பத்தடி தள்ளி யானை நின்னாலும் தெரியாது, அதனால வேட்டைத் தடுப்புக் காவலரோ பழகுன ஊர்க்காரரோ முன்னாடி போகாம ஒருத்தரும் தனியா எறங்கக் கூடாது, காதுல ஹெட்போன் கூடவே கூடாது. முன்னாடி போறவர் நின்னா நிக்கணும், திரும்புன்னா கேள்வி கேக்காம திரும்பணும். பாம்புக்கடிக்கு மருந்து இருக்குற பக்கத்து ஆஸ்பத்திரி எது, வண்டி எப்பவும் நிக்குமான்னு கேளுங்க.

இதை விட அதிகமா படுத்துறது உண்ணிதான், பூச்சியைச் சொல்றேன். முழுக்கை சட்டை, பேன்ட்டை சாக்ஸுக்குள்ள விட்டுக்கணும், சாயங்காலம் வந்ததும் வெந்நில குளிச்சு ஒடம்பு முழுக்க பாக்கணும். காட்டுக்கு போய்ட்டு வந்து காய்ச்சல் வந்தா டாக்டர்கிட்ட "காட்டுல வேலை பாத்தேன், பூச்சி கடிச்சுது"ன்னு மொதல் வார்த்தையா சொல்லச் சொல்லுங்க. ஸ்க்ரப் டைஃபஸ்னு ஒரு நோய் இருக்கு, உண்ணியை விட ரொம்பச் சின்னப் பூச்சி கடிச்சு வர்றது, வெறும் காய்ச்சல் மாதிரிதான் ஆரம்பிக்கும், சீக்கிரம் கண்டுபுடிச்சா மாத்திரைல சரியாயிடும், விட்டா ஆபத்து.

அப்புறம் தங்குற எடம். பொண்ணுங்களுக்கு தனி ரூம், உள்ள தாழ்ப்பா, பாத்ரூம், போன் சிக்னல், பாலியல் புகார் விசாரிக்கிற கமிட்டி இருக்கா, அதுல யார் யார். இதை கேக்கும்போது அவங்க மொகம் சுளிச்சா அந்த எடம் வேணாம்.

கேள்வி: இந்த மாதிரி ஒரு இன்டர்ன்ஷிப்புல ஸ்டைபண்ட் (உதவித்தொகை) கிடையாதாம், நாங்கதான் மாசம் பணம் கட்டணுமாம். இதுதான் வழக்கமா?
— வாசகி, திண்டுக்கல்

பதில்: நடக்குது, ஆனா நான் அதை ஏத்துக்கல. காலைல ஆறு மணிக்கு எந்திரிச்சு அவங்க புராஜெக்ட்டுக்கு டேட்டா எடுத்துக் குடுக்குறவங்ககிட்டயே காசு வாங்குனா, காசு இருக்குற வீட்டுப் பிள்ளைங்க மட்டும்தான் காட்டுயிர் படிக்க முடியும். சாப்பாடு, தங்குறது, பஸ் காசு, இன்சூரன்ஸ் இவ்வளவாவது தராத எடத்துக்கு போகாதீங்க. உங்க ஊர்ல இருந்தே தொடங்க வழி இருக்கு, கொடைக்கானல் மேல சீகை (வாட்டில்ங்கற வெளிநாட்டு மரம்) மரத்துக்கு அடில சோலைக்காட்டு மரக் கன்னு தானா வந்துட்டு இருக்கு. அப்படி வர்ற எடத்துல சீகையை ஒரேயடியா மொட்டை அடிச்சா வெயில் பட்டு மண்ணுல கெடக்குற சீகை வெதைதான் மொளைக்கும், அதனால எங்க எடுக்கலாம் எங்க விடலாம்னு எடத்துக்கு எடம் பாக்கணும், அதுக்கு ஆளு தேவை. சரணாலயத்துக்குள்ள ஆய்வு பண்ண வனத்துறை அனுமதி கட்டாயம். கோயம்புத்தூர் ஆனைகட்டில சலீம் அலி பறவையியல் மையம், கோத்தகிரில கீஸ்டோன் ஃபவுண்டேஷன், வால்பாறைல மழைக்காட்டை மீட்டுட்டு இருக்குற என்.சி.எஃப் (நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன்), இவங்க அறிவிப்பெல்லாம் அடிக்கடி பாருங்க. பொதுவா "எனக்கு விலங்குன்னா உயிர்"னு எழுதாம, உங்க ஊர் கொளத்தங்கரைல சீமைக் கருவேலத்துக்கு அடில என்னென்ன மொளைக்குதுன்னு ரெண்டு மாசம் எழுதி வச்சு அதை அனுப்புங்க.

கேள்வி: நாங்க எடுக்குற டேட்டால எங்க பேர் வருமா?
— வாசகர், தென்காசி

பதில்: கேக்காம வராது. சேர்றதுக்கு முன்னாடியே மெயில்ல கேட்டு எழுதி வாங்கிடுங்க: ஆய்வுக் கட்டுரை வந்தா நன்றி சொல்ற எடத்துல பேரா, கட்டுரை எழுதுனவங்க பட்டியல்ல பேரா, எம்.எஸ்சி ப்ராஜெக்ட்டுக்கு இதை நான் பயன்படுத்தலாமான்னு. கூட வந்து செடிக்கு பேர் சொல்லிக் குடுத்த ஊர்க்காரங்க பேரையும் அதுல சேக்கச் சொல்லி கேளுங்க.