கோபம் சரி, பொய்ச்சாட்சி வேண்டாம்

கேள்வி: 2019 உயிர்த்த ஞாயிறன்று மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்தபோது என் அக்காவின் மகன் காயமடைந்தான். 'இது அந்தக் குண்டுத் தாக்குதல்களுக்குத் தலைமை தாங்கிய சஹ்ரானோடு தொடங்கியதல்ல, 1,400 வருட வரலாறு. அவர்களுடைய மதமே அப்படி' என்கிறான் என் தம்பி. பக்கத்து முஸ்லிம் ஊரான காத்தான்குடியின் கடைகளுக்குப் போவதையே நாங்கள் நிறுத்திவிட்டோம். ஒரு கிறிஸ்தவள் இந்தத் தீவிரவாதத்தை எப்படிப் பார்க்க வேண்டும்? மன்னித்துவிட்டால் நீதி கேட்கக் கூடாதா?
- வாசகி, மட்டக்களப்பு

பதில்: கர்த்தருக்குள் அன்பான சகோதரி,

கோபப்படாதீர்கள் என்று சொல்ல நான் யார்? ஞாயிறு பாடசாலை முடிந்து தேவாலய முற்றத்தில் சிற்றுண்டி சாப்பிட்டுக்கொண்டிருந்த பிள்ளைகள் அவர்கள். அதைக் கேட்டுக் கோபம் வராதவரைப் பற்றித்தான் நான் கவலைப்படுவேன். தம்பியோடு எனக்குள்ள வழக்கு வேறு. 'பிறனுக்கு விரோதமாகப் பொய்ச்சாட்சி சொல்லாதிருப்பாயாக' என்ற கட்டளை, பிறன் வேறு மதத்தவனாக இருந்தால் தள்ளுபடியாகிவிடுவதில்லை.

அதே கட்டளையின்படி இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 'இதற்கும் மதத்துக்கும் சம்பந்தமே இல்லை' என்று சர்வமத மேடைகளில் பேசுவதும் உண்மையல்ல. கொன்றவர்கள் வசனம் சொல்லித்தான் கொன்றார்கள். அவர்களுடைய சிந்தனைக்கு ஒரு வம்சாவளி உண்டு. தம்பி சொல்லும் 1,400 வருடக் கணக்கும் ஏறக்குறைய சரிதான். ஆனால் அந்தக் கணக்கின் முதல் வரியில் யாருடைய இரத்தம் இருக்கிறது என்று அவர் பார்க்கவில்லை.

657இல் சிஃப்பீன் போர்க்களத்தில், நபிகளின் மருமகனான அலி, தன்னை எதிர்த்த முஸ்லிம் படையோடு மத்தியஸ்தத்துக்குச் சம்மதித்தார். 'தீர்ப்பு இறைவனுக்கு மட்டுமே உரியது, மனிதரிடம் எப்படி விடலாம்?' என்று ஒரு கூட்டம் அவரைவிட்டுப் பிரிந்தது. காரிஜியாக்கள் என்று அவர்களுக்குப் பெயர். பாவம் செய்த முஸ்லிம் முஸ்லிமே அல்ல, அவனைக் கொல்லலாம் என்பது அவர்களில் கடுமையானவர்களின் நிலைப்பாடு. அவர்களில் ஒருவன்தான் 661இல் கூஃபா நகரின் பள்ளிவாசலில் அலியை வெட்டினான். 'நீ உண்மையான முஸ்லிம் அல்ல' என்று முத்திரை குத்திக் கொல்லும் வழக்கம் இங்கே தொடங்குகிறது. பெரும்பான்மை முஸ்லிம் அறிஞர்கள் இவர்களை வழிதவறியவர்கள் என்றே அன்றுமுதல் எழுதிவந்திருக்கிறார்கள்.

ஆனாலும் அந்த விதை சாகவில்லை. மங்கோலியர் இஸ்லாத்தைத் தழுவிய பிறகும் தங்கள் குலச்சட்டத்தின்படியே ஆண்டதால் அவர்களோடு போரிடலாம் என்றார் 1328இல் இறந்த மார்க்க அறிஞர் இப்னு தைமிய்யா. அவருடைய காலத்துக்கு எழுதியதைப் பிற்காலத்தவர் தங்களுக்கு வேண்டியபடி எடுத்துக்கொண்டார்கள். 1981இல் எகிப்து அதிபர் அன்வர் சாதத்தைக் கொன்றவர்களும் அந்தத் தீர்ப்பைத்தான் காட்டினார்கள். அரேபியாவில் 1744இல், மதத் தூய்மை பேசிய இப்னு அப்துல் வஹ்ஹாபின் பிரசாரமும் சவூத் குடும்பத்தின் வாளும் கைகோத்தன. 1802இல் அந்தப் படை சூறையாடியது ஷியா முஸ்லிம்களின் புனித நகரான கர்பலாவை. அங்கேயும் செத்தவர்கள் முஸ்லிம்கள்தான்.

நம் காலத்துக்கு வந்தால், 1979 ஒன்றே போதும். ஈரானில் புரட்சி, மக்காவின் பெரிய பள்ளிவாசலை ஆயுதக் கும்பல் ஒன்று கைப்பற்றியது, ஆப்கானிஸ்தானுக்குள் சோவியத் படை நுழைந்தது, மூன்றும் அதே வருடம். ஆப்கான் போராளிகளுக்கு ஆயுதமும் பணமும் கொடுத்தவர்களில் சவூதி அரேபியாவோடு, ஞாயிறு தோறும் ஆலயத்துக்குப் போகும் அமெரிக்கத் தலைவர்களும் இருந்தார்கள். பிறகு 2003இல் ஈராக் மீது படையெடுப்பு. அந்த இடிபாடுகளில் வளர்ந்ததுதான் ஐ.எஸ். என்ற ஆயுத அமைப்பு. 2014இல் மோசூலில் கிறிஸ்தவர்களின் வீட்டுச் சுவர்களில் அரபு எழுத்தால் அடையாளமிட்டு, மதம் மாறு, வரி கட்டு, இல்லையேல் சாவு என்றார்கள். ஆதித் திருச்சபையின் காலத்திலிருந்து அங்கே வாழ்ந்த சமூகம் சில நாட்களில் வெளியேறியது. அதை மென்மையாகச் சொல்ல எனக்கு மனமில்லை.

சஹ்ரானும் இதே வாய்ப்பாட்டைத்தான் படித்தான். அவனுடைய முதல் சண்டை நம்மோடு அல்ல. காத்தான்குடியின் சூஃபி முஸ்லிம்களோடு, அதாவது இஸ்லாத்தின் ஆன்மிக மரபைப் பின்பற்றுகிறவர்களோடு. 2017இல் அவர்களோடு மோதிய பிறகே தலைமறைவானான். அவனைப் பற்றி அதிகாரிகளிடம் முறையிட்டவர்கள் அதே ஊர் முஸ்லிம்கள். மாவனெல்லையில் பொலிஸாருக்குத் துப்புக் கொடுத்த முஸ்லிம் ஒருவரை அவனுடைய ஆட்கள் வீட்டுக்குள் புகுந்து தலையில் சுட்டார்கள், அவர் பிழைத்துக்கொண்டார். குண்டுவெடிப்புக்கு ஐந்து நாட்களுக்குப் பின் சாய்ந்தமருதில் அந்தக் கும்பலின் குடும்பம் ஒளிந்திருந்த வீட்டைக் காட்டிக்கொடுத்தவர்களும் அங்கேயுள்ள முஸ்லிம்களே. தம்பிக்கு வரும் வாட்ஸ்அப் செய்திகளில் இவர்கள் ஏன் வருவதில்லை என்று அவரிடமே கேளுங்கள்.

காத்தான்குடி என்றதும் இன்னொரு நாளும் நினைவுக்கு வர வேண்டும். 1990 ஆகஸ்ட் 3 இரவு, அங்கே இரண்டு பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கும் மேற்பட்டோர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். விடுதலைப் புலிகள் மறுத்தார்கள். உயிர் தப்பியவர்கள் அவர்களைத்தான் குற்றம் சாட்டினார்கள். அன்று அந்த ஊரார் 'தமிழர் இனமே அப்படி' என்று சொல்லியிருந்தால் நீங்கள் ஒப்புக்கொண்டிருப்பீர்களா? அதற்குப் பிறகும் அவர்களுடைய கடைகளில் நமக்குத் துணி கிழித்துக் கொடுத்தார்கள். ஒரு சேலை வாங்கப் போவதற்கு இறையியல் தேவையில்லை. போய் வாருங்கள்.

நம் வீட்டுக் கணக்கையும் மறைக்க வேண்டாம். 1099இல் சிலுவைப் போர்வீரர்கள் எருசலேமுக்குள் நுழைந்து முஸ்லிம்களையும் யூதர்களையும் வெட்டிக் குவித்துவிட்டு, கல்லறைத் தேவாலயத்துக்குப் போய் ஸ்தோத்திரம் செய்தார்கள். தங்களை ஏற்காத சமாரியருடைய கிராமத்தின்மேல் வானத்திலிருந்து அக்கினி இறங்கக் கட்டளையிடலாமா என்று கேட்டவர்கள் யாக்கோபும் யோவானும். 'நீங்கள் இன்ன ஆவியுள்ளவர்களென்பதை அறியீர்கள்' என்று ஆண்டவர் அதட்டினார். சமாரியரை அல்ல, சீஷர்களை. 2019 மே மாதம் குருநாகல், கம்பஹா மாவட்டங்களில் முஸ்லிம்களின் வீடுகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டபோது அந்த வசனத்தை எத்தனை பிரசங்க மேடைகள் எடுத்துப் பேசின என்று எனக்குக் கேட்கத் தோன்றுகிறது.

மன்னிப்பையும் நீதியையும் எதிரெதிரே நிறுத்தியது யார்? சஹ்ரானை மன்னிப்பது உங்களுக்கும் கர்த்தருக்கும் இடையிலான காரியம். அது நாட்கணக்கில் முடிகிற வேலையுமல்ல. யாரும் உங்களை அவசரப்படுத்த விடாதீர்கள். நீதி வேறு. தாக்குதல் வரப்போகிறது என்று இந்திய உளவுத்துறை ஏப்ரல் 4ஆம் தேதியே எச்சரித்திருந்தது. அதை அலட்சியம் செய்ததற்காக முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன 10 கோடி ரூபாய் இழப்பீடு செலுத்த வேண்டும் என்று 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நீதிமன்றத்துக்குப் போனவர்களில் பிள்ளைகளை இழந்த பெற்றோரும் உண்டு. அவர்கள் விசுவாசத்தில் குறைந்தவர்கள் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பின்னால் நின்றவர்கள் யார் என்ற கேள்விக்கு இன்னும் முழுப் பதில் வரவில்லை. அதைக் கேட்டுக்கொண்டேயிருங்கள். முடிந்தால், அதே கேள்வியைக் கேட்கும் காத்தான்குடிக்காரர்களோடு சேர்ந்து கேளுங்கள்.