அம்மா தைத்துக்கொண்டிருக்கும்போதே பங்கா?

கேள்வி: பாபநாசம் வீட்டில் பாட்டி காலத்து சிங்கர் கால் மெஷின் இருக்கிறது. தலையைக் கழற்றி எடைக்குப் போட்டுவிட்டு, ஸ்டாண்டின் மேல் கிரானைட் போட்டு வாஷ்பேசின் வைக்கலாம் என்கிறார் அண்ணன். நானோ பாலிஷ் போட்டு, என் வீட்டு ஹாலில் கண்ணாடிப் பெட்டிக்குள் பாதுகாக்க நினைக்கிறேன். எடுத்துவரக் குட்டியானைகூடப் பேசிவிட்டேன். அம்மா அதில் தலையணை உறை ஏதாவது தைப்பார்; நூல் கோக்க மட்டும் எதிர் வீட்டுப் பையனைக் கூப்பிடுவார். யார் சொல்வது சரி?
- வாசகி, கும்பகோணம்

பதில்: இந்த மாதிரி கடிதம் நிறைய வருகிறது. ஆட்டுக்கல், ஊஞ்சல், தேக்குப் பெட்டி என்று பொருள்தான் மாறும். ஆனால் பெரியவர்கள் காலமான பிறகுதான் வரும். உங்கள் வீட்டில் உடையவர் உட்கார்ந்து தைத்துக்கொண்டிருக்கிறார், அதற்குள் பஞ்சாயத்து. அண்ணன் உடைக்கப் பார்க்கிறார், நீங்கள் பூட்டப் பார்க்கிறீர்கள். எது நடந்தாலும் மறுநாள் அம்மாவுக்குத் தைக்க மெஷின் இருக்காது. அவரிடம் ஒரு வார்த்தை கேட்டதாகக் கடிதத்தில் எங்கேயும் இல்லையே?

அதைவிட என்னை உறுத்துவது அந்த எதிர் வீட்டுப் பையன். ஏம்மா, ஊசிக் காது தெரியவில்லை என்றால் கண் தெரியவில்லை என்றுதானே அர்த்தம்? புரையாக இருக்கலாம், கண்ணாடி பவர் மாறியிருக்கலாம். பெற்றது இரண்டு இருக்க, ஊர்ப் பிள்ளை வந்து நூல் கோக்கிறான். மெஷினை ஏற்றிவர வண்டி பேசியவருக்கு, அம்மாவைக் கண் டாக்டரிடம் கூட்டிப்போகத் தோன்றவில்லையா? அரசு மருத்துவமனையில் புரை ஆபரேஷன் இலவசம். காசு ஒரு சாக்கே இல்லை. பெற்றவர் கண்ணைக் கவனிப்பது பிள்ளைகளின் கடமை, அதில் மகன் மகள் பேதம் கிடையாது.

சரி, மெஷினுக்கு வருவோம். அபூர்வப் பொருள் என்று நினைக்காதீர்கள். அடித்தகட்டில் எழுத்தோடு தொடங்கும் எண் இருந்தால் அது 1900-க்கு முன் செய்ததல்ல. 1980-ல் மூடப்பட்ட ஸ்காட்லாந்தின் கிளைட்பேங்க் தொழிற்சாலையிலிருந்து வந்ததாகவும் இருக்கலாம். லட்சக்கணக்கில் செய்து தள்ளிய சரக்கு அது. ஓடிக்கொண்டிருப்பதுதான் அதற்குப் பாதுகாப்பு. நின்றுபோனால் உள்ளே எண்ணெய் பிசினாக இறுகும், நம் ஆற்றங்கரை ஈரத்துக்குத் துருவும் ஏறும். பாலிஷ்காரர் கையில் கொடுத்துவிடாதீர்கள். ஸ்பிரிட் பட்டால் தலையில் இருக்கும் தங்கப் பூ வேலை அழிந்துவிடும். தேங்காய் எண்ணெயும் வேண்டாம், நாளடைவில் பிசுபிசுத்துப் பிடித்துக்கொள்ளும். மிதி கனமாக இருந்தால், துளைகளில் கொஞ்சம் மண்ணெண்ணெய் விட்டு ஓட்டித் துடைத்துவிட்டு, அப்புறம் மெஷின் ஆயில் விடுங்கள். தோல் பெல்ட் தொங்கினால் கொஞ்சம் வெட்டி மறுபடி கொக்கி போட்டால் போதும்.

பேசிய குட்டியானையை வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். இந்த வாரமே பாபநாசம் போய் அம்மாவைக் கண் டாக்டரிடம் அழைத்துப் போங்கள். வாஷ்பேசின் ஸ்டாண்ட் ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் என்று அண்ணனிடமும் சொல்லிவிட்டு வாருங்கள்.