ராத்திரிக் காசு – கடிதம்

அன்புள்ள அண்ணாச்சி,

பாளையங்கோட்டையில் பி.காம் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். சாயங்காலம் 5 மணியிலிருந்து 11 வரை வண்ணார்பேட்டையில் ஒரு பர்கர் கடையில் வேலை. போன ஞாயிற்றுக்கிழமை மாமாவும் அத்தையும் பிள்ளைகளோடு சாப்பிட வந்தார்கள். தொப்பி போட்டுக்கொண்டு நான்தான் ஆர்டர் எடுத்தேன். மாமா என்னைத் தெரியாதவர் மாதிரி காசைக் கொடுத்துவிட்டுப் போனார். மறுநாள் அப்பா, 'எச்சித் தட்டு எடுக்கதுக்கா உன்னைய காலேஜுக்கு அனுப்புனேன்?' என்று ஒரே சத்தம். வேலையை விட்டுவிடட்டுமா?

எஸ்.

அன்புள்ள தம்பி,

மாமாவை விடுங்கள். மருமகனிடம் பில் கேட்டு வாங்குவது எப்படி என்று அவருக்கு யாரும் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள்.

1998-இல் நானும் பாளையில் ஒரு தள்ளுவண்டி பாஸ்ட் புட் கடையில் வேலை பார்த்தேன். தென்னிந்தியாவின் ஆக்ஸ்போர்டு என்று ஊரைப் பெருமையாகச் சொல்வார்கள். அத்தனை கல்லூரி என்றால் அத்தனை ஹாஸ்டல், அத்தனை ராத்திரிப் பசி. நாலு மணிக்கு முட்டைக்கோஸ், கேரட் நறுக்க உட்காருவோம். மத்தியானம் வடித்த சோறு தாம்பாளத்தில் பரப்பி ஆறிக் கிடக்கும். சூட்டோடு போட்டால் கடாயில் குழைந்துவிடும். மாஸ்டர் கரண்டி முனையாலேயே உப்பு, மிளகுத்தூள், அஜினோமோட்டோ என்று வரிசையாகத் தொட்டெடுத்துக் கடாயில் ஒரு தட்டுத் தட்டுவார். அளவெல்லாம் மணிக்கட்டில்தான். உப்பு எவ்வளவு என்று ஒரு தடவை கேட்டேன். 'வெங்காயத்த உரில' என்றார்.

உங்கள் கடையில் அப்படி ஒரு மாஸ்டர் இருக்க மாட்டார். எண்ணெயில் இறக்கினால் பட்டனை அமுக்கணும், சத்தம் கேட்டால் எடுக்கணும். 1948-இல் கலிபோர்னியாவில் மெக்டொனால்ட் சகோதரர்கள் இரண்டு பேர், நன்றாக ஓடிக்கொண்டிருந்த கடையை மூடி, மெனுவைச் சுருக்கி, சமையலைத் துண்டு துண்டாகப் பிரித்து ஆளுக்கொன்று கொடுத்தார்கள். பிறகு புதுக் கடை கட்டும்போது டென்னிஸ் மைதானத்தில் சாக்பீஸால் அடுப்படியை வரைந்து, பையன்களை அதற்குள் நடமாட விட்டுப் பார்த்தார்களாம். யார் எங்கே நிற்பது, எத்தனை எட்டு வைப்பது என்று எல்லாம் கணக்கு. அதனால்தான் புது ஆள் சில நாளில் தேறிவிடுகிறான். அவன் போனால் அடுத்தவனும் சில நாளில் தேறிவிடுவான். மாணவர்களை விரும்பி எடுப்பதற்கு இதுவும் ஒரு காரணம். ஆக, தொழில் கற்றுக்கொள்கிறோம் என்று நினைத்துப் போகாதீர்கள். கூட்டம் நெருக்கும்போது பதறாமல் நிற்கப் பழகுவீர்கள். அது லேசுப்பட்டதில்லை.

எச்சில் தட்டு என்னை ஒன்றும் செய்யவில்லை. கெடுத்தது ராத்திரிக் காசு. தினமும் கடை எடுத்துவைத்ததும் 40 ரூபாயும் ஒரு ஹாஃப் ரைஸும் கைக்கு வரும். அந்த வயதில் அது பெரிய காசு. பன்னிரண்டரைக்குப் படுத்தால் முதல் பீரியடுக்கு எங்கே எழுவது? மூன்று பேப்பரில் அரியர். அந்த பீஸையும் ராத்திரிக் காசில்தான் கட்டினேன். அம்மா என் சட்டையை மட்டும் முகர்ந்து பார்த்துத் தனி வாளியில் ஊறப்போடுவாள். ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்டிருக்கலாம்.

அதனால் வேலையை விட வேண்டாம், வெள்ளி, சனி, ஞாயிறு மட்டும் தரச்சொல்லிக் கேளுங்கள். தர முடியாது என்றால் அப்போது விட்டுவிடுங்கள். அப்புறம், ஒரு சின்ன நோட்டுப் போட்டு, வந்த நேரம், கிளம்பிய நேரம் இரண்டையும் அன்றன்றைக்கு எழுதிவையுங்கள். ஷட்டரை இறக்கிவிட்டு எண்ணெய் வடிகட்டி, தரை கழுவுகிற நேரம் சம்பளத்தில் சேர்கிறதா? என் முதலாளிக்கு அந்த நேரம் கண்ணில் பட்டதே இல்லை. ஆறு மணி நேரம் நின்றுகொண்டே இருக்கிறீர்கள். ஜவுளிக்கடைகளில் நாள் முழுக்க நிற்கும் பெண்களின் கஷ்டத்தைப் பார்த்துத்தான் 2021-இல் தமிழ்நாட்டில் கடை ஊழியர்களுக்கு இருக்கை போட வேண்டும் என்று சட்டத்தைத் திருத்தினார்கள். உங்கள் கவுன்டருக்குப் பின்னால் ஒரு ஸ்டூலாவது கிடக்கிறதா?

மாமா செய்தது, அப்பா சொன்னது எல்லாம் எழுதியிருக்கிறீர்கள். சம்பளம் எவ்வளவு என்று மட்டும் எழுதவில்லை. அடுத்த கடிதத்தில் எழுதுங்கள்.