பிரசவ விடுப்புக்குப் பின் பதவிக் குறைப்பு: தங்கள் கேள்விக்குப் பதில்

அன்புச் சகோதரிக்கு வணக்கம்.

கப்பலூர் தொழிற்பேட்டையில் ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவை நடத்திவந்த தங்களை, பிரசவ விடுப்பு முடிந்து திரும்பியதும் பில் பதியும் வேலைக்கு மாற்றிவிட்டதாகவும், அதே ஆண்டில் தங்கள் கணவருக்கு, "இனிமேல் குடும்பப் பொறுப்பு உள்ளவர்" என்று சொல்லிப் பதவி உயர்வு தந்ததாகவும் எழுதியிருந்தீர்கள். இதைத் தங்கள் திறமைக் குறைவாக எண்ண வேண்டாம். ஒரே தொழிலில் இருக்கும் ஆணுக்கும் பெண்ணுக்குமான வருமான இடைவெளி பெரும்பாலும் முதல் குழந்தை பிறந்த பிறகே உண்டாகிறது என்பதைக் காட்டிய கிளாடியா கோல்டினுக்கு 2023இல் பொருளியல் நோபல் பரிசு கிடைத்தது.

2017ஆம் ஆண்டுத் திருத்தத்தால் 12 வாரத்திலிருந்து 26 வாரமாக உயர்ந்த பேறுகால விடுப்பில் ஒருவர் இருக்கும்போது, அவருடைய பணி நிபந்தனைகளைப் பாதகமாக மாற்றுவதைச் சட்டம் தடை செய்கிறது. ஆகவே, பழைய பணி ஆணையின் நகலை இணைத்து, அதே பொறுப்பைத் திரும்பக் கேட்டு எழுத்து மூலம் மனுக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான கையொப்பத்தையும் வாங்கிக்கொள்ளுங்கள். "பார்த்துக்கலாம்மா" என்ற வாய்ச்சொல் (நம்மூர் முதலாளிகளுக்கு இது கைவந்த கலை) எந்த விசாரணையிலும் நிற்காது. பதில் வராவிட்டால் மதுரையிலுள்ள தொழிலாளர் துறை அலுவலகத்தை அணுகலாம். 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடமானால், குழந்தைகள் காப்பகத்தையும் மனுவிலேயே கேளுங்கள்.

கணவரிடமும் ஒன்று பேச வேண்டும். தடுப்பூசி நாட்களுக்கு இதுவரை தாங்களே அரைநாள் விடுப்பு எடுத்துவந்திருந்தால், அடுத்த முறை அவர் எடுக்கட்டும்.