உப்புத் தண்ணீரில் நிற்கும் வேளாண்மை ஏன் கருகுகிறது? பிரசாரணம் பற்றி வாசகர் கேள்விகள்

கலங்களைப் பற்றிச் சென்ற முறை எழுதியதும் வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் பிரசாரணம், அதாவது மென்சவ்வினூடாக நீர் கடப்பது, பற்றியவை. ஒரு பக்கம் உயர்தர மாணவர்கள், இன்னொரு பக்கம் வயலையும் வாவியையும் நம்பித் தொழில் செய்பவர்கள். இரண்டு பக்கத்திலும் ஒரே தடுமாற்றம்தான் தெரிகிறது. உப்பும் தண்ணீரும் சந்திக்கும் இடமெல்லாம் பிரசாரணம் என்று சொல்லிவிடுகிறோம். கரையத்தை, அதாவது நீரில் கரைந்திருக்கும் பொருளை, மறித்து நீரை விடுகிற மென்சவ்வு ஒன்று நடுவில் இருந்தால்தான் அந்தப் பேச்சுக்கே இடம்.

கல்முனை, உயர்தர மாணவி: சேர், "செறிவு குறைந்த இடத்திலிருந்து கூடிய இடத்துக்கு நீர் செல்வது பிரசாரணம்" என்று எழுதினேன், புள்ளி கிடைக்கவில்லை. இரண்டு பக்கமும் செறிவு சமமானதும் நீர் நின்றுவிடும் என்று எழுதியதும் பிழையாம். ஏன்?

மகள், எதன் செறிவு என்று நீங்கள் எழுதவில்லையே. கரையத்தின் செறிவு என்றால் சரி. நீரழுத்தம் (water potential, நீர் வெளியேறத் துடிக்கும் போக்கின் அளவு) கூடிய இடத்திலிருந்து குறைந்த இடத்துக்கு என்றால் இன்னும் சரி, ஏனென்றால் அதற்குள் அமுக்கமும் அடங்கிவிடும். "தேறிய அசைவு" என்பதையும் விட்டுவிட வேண்டாம். நீர் மூலக்கூறுகள் எப்போதும் இரு திசையிலும் போய்வந்துகொண்டேயிருக்கும். ஒரு திசையில் போவது கூடினால் மட்டும் அது ஓட்டமாக நமக்குத் தெரிகிறது. சமநிலை வந்த பிறகும் போக்குவரத்து நிற்பதில்லை, தேறிய கணக்கு பூச்சியமாகிறது, அவ்வளவுதான்.

இரண்டாவது பிழைதான் முக்கியமானது. ஒரு தாவரக் கலத்தைத் தூய நீரில் போடுங்கள். உள்ளே வெல்லமும் அயன்களும் இருக்கின்றன, வெளியே ஒன்றும் இல்லை. எவ்வளவு நீர் உள்ளே போனாலும் இரண்டு பக்கமும் செறிவு சமமாகப்போவதில்லை. அப்படியானால் நீர் ஏன் நிற்கிறது? கலச்சுவர் விடாது. சைக்கிள் ரியூப்புக்குக் காற்றடிக்கும்போது ரயர் எப்படி ஒரு கட்டத்தில் இறுகிப்பிடித்து எதிர்த்துத் தள்ளுகிறதோ, அப்படிச் சுவர் உள்ளே வரும் நீரை எதிர்த்து நிற்கும். அந்த வீக்க அமுக்கம் உட்செல்லும் போக்கை ஈடுசெய்ததும் சமநிலை. செறிவு வேறு வேறாகவே இருக்கும், நீரழுத்தம்தான் சமமாகும்.

ரியோ என்ற செடியின் இலை மேற்றோல் பரிசோதனையை மனப்பாடம் செய்யாமல் விளங்கிக்கொள்ளவும் இது உதவும். பார்வைப் புலத்திலுள்ள கலங்களில் அரைவாசி முதலுருச்சுருக்கம் (நீரை இழந்து முதலுரு சுவரை விட்டு விலகுவது) அடைந்த கரைசலைத் தேடுகிறீர்கள் அல்லவா? அந்த நிலையில் முதலுரு சுவரைத் தள்ளுவதில்லை, வீக்க அமுக்கம் பூச்சியம். ஆகவே வெளிக்கரைசலின் கரைய அழுத்தமே (நீரழுத்தத்தில் கரையத்தால் வரும் பங்கு) கலத்தினுடையதும். சுருங்கிய கலத்தில் சுவருக்கும் மென்சவ்வுக்கும் இடையில் என்ன இருக்கிறது என்று கேட்டால் "வெற்றிடம்" என்று எழுதுவார்கள் பலர். அங்கே இருப்பது வெளிக்கரைசல். சுவர் கரையத்தை மறிப்பதில்லை, மென்சவ்வுதான் மறிக்கிறது.

களுவாஞ்சிகுடி, உயர்தர மாணவன்: மென்சவ்வு கொழுப்பால் ஆனது. கொழுப்பும் தண்ணீரும் சேராதே, பிறகு நீர் எப்படிக் கடக்கிறது?

நல்ல கேள்வி. விஞ்ஞானிகளும் இதை நெடுநாள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். கொழுப்புப் படையினூடாக நீர் மெதுவாகக் கசியும், அது உண்மை. ஆனால் செங்குருதிக் கலமும் சிறுநீரகக் கலமும் நீரை விடுகிற வேகத்துக்கு அந்தக் கசிவு போதாது. அமெரிக்காவில் பீற்றர் ஆக்ரேயின் குழு, செங்குருதிக் கல மென்சவ்வில் வேறொரு புரதத்தைத் தேடிக்கொண்டிருந்தபோது, யாரும் கேட்காத ஒரு புரதம் கூடவே வந்து அகப்பட்டது. 1992இல் அதை ஆக்கவைத்த தவளை முட்டைக்கலங்களை ஐதான கரைசலில் போட்டார்கள். சாதாரண முட்டைக்கலம் அப்படியே கிடந்தது, இந்தப் புரதம் உள்ளது வீங்கி வெடித்தது. நீருக்கென்றே உள்ள அந்தக் கால்வாய்தான் அக்குவாப்பொரின். ஒரு கால்வாயினூடாகச் செக்கனுக்கு ஏறத்தாழ 300 கோடி நீர் மூலக்கூறுகள் போகும், அயன் ஒன்றுகூடப் போகாது. ஆக்ரேக்கு 2003இல் இரசாயனத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. ஒன்றைக் கவனியுங்கள்: கால்வாய் வேகத்தைக் கூட்டுமே தவிர திசையைத் தீர்மானிக்காது. இதற்குக் கலம் சக்தி செலவழிப்பதும் இல்லை.

வெல்லாவெளிப் பக்கம், விவசாயி: வாவி ஓரமாக உள்ள என் வயலில் தண்ணீர் நிற்கிறது. ஆனாலும் சிறுபோகத்தில் பயிர் நுனி கருகி, காய்ந்தது போல நிற்கிறது. தண்ணீர் நிற்கும்போது எப்படிக் காயும்?

அண்ணன், தண்ணீர் இருப்பது வேறு, வேர் அதை எடுக்க முடிவது வேறு. வேர்க்கலத்துக்குள் கரையம் வெளியே உள்ளதைவிடக் கூடியிருக்கும் வரைக்கும் நீர் தானாக உள்ளே வரும். மழை விட்டதும் முகத்துவாரத்தால் கடல்நீர் ஏறி வாவி உவராகும். அந்த நீர் வயலுக்குள் வந்து, வெயிலில் ஆவியாகி, உப்பை மட்டும் விட்டுவிட்டுப் போகும். மண்ணில் உப்பு ஏற ஏற, உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள வித்தியாசம் குறைந்து, முழங்காலளவு தண்ணீரிலும் பயிருக்கு வரட்சிதான்.

பிரசாரணத்தோடு கதை முடிவதில்லை. சில நாளில் சோடியமும் குளோரைட்டும் பயிருக்குள் ஏறி இலைக்கலங்களை நஞ்சாக்கும். பழைய இலை நுனியிலிருந்து கருகுவது இந்த இரண்டாவது அடி. நெல் உப்புக்கு மென்மையான பயிர். மண்சாற்றில் உப்பு எவ்வளவு என்று காட்டும் மின்கடத்துதிறன் மீற்றருக்கு 3 டெசிசீமன்ஸைத் தாண்டியதும் விளைச்சல் விழத் தொடங்கும். நாற்றுப் பருவமும் பூக்கும் பருவமும் மிக மோசமான நேரம்.

செய்யக்கூடியது: விதைப்பதற்கு முன் நல்ல நீரைக் கட்டி, உப்பைக் கரையவிட்டு, வடித்துவிடுவது. வடிகால் இல்லாமல் கட்டிக்கொண்டே இருந்தால் பயனில்லை, உப்பு போவதற்கு வழி வேண்டும். இடையில் வயலை வெடிக்கக் காயவிடாதீர்கள், கீழே உள்ள உப்பு மேலே ஏறிவிடும். உவரைத் தாங்கும் ஏ.ரி. 354 போன்ற இனங்கள் நம் நாட்டிலேயே உண்டு, விவசாயப் போதனாசிரியரிடம் கேட்டுப் பாருங்கள். யூரியாவையும் ஒரேயடியாகக் கொட்ட வேண்டாம். ஈரம் குறைந்த மண்ணில் அதிகம் போட்டால் அதுவும் வேரடியில் கரையத்தைக் கூட்டி அதே வேலையைத்தான் செய்யும்.

கல்லடி, வாசகி: அதே வாவித் தண்ணீரில் கண்டல் மரம் மட்டும் எப்படிப் பச்சையாக நிற்கிறது?

கடல்நீரிலிருந்து நன்னீரைப் பிரிக்க ஏறத்தாழ 25 வளிமண்டல அமுக்கத்தை மிஞ்ச வேண்டும். கண்டல் அதைச் சத்தமில்லாமல் செய்கிறது. 1965இல் ஷொலாண்டர் என்ற ஆய்வாளரின் குழுவினர் கண்டல் கிளைகளை அமுக்க அறையில் வைத்து அளந்தபோது, சாற்றில் 35 முதல் 60 வளிமண்டலம் வரையான இழுவை இருந்தது தெரியவந்தது. இலையிலிருந்து நீர் ஆவியாகும்போது உண்டாகும் இழுவை அது. வேரின் கலங்கள் உப்பில் பெரும்பகுதியை வெளியிலேயே மறித்துவிடும். மிண்டிவேரோடு நிற்கும் இனங்கள் இதில் கெட்டிக்காரர்கள். ஊசி ஊசியாக மூச்சுவேர் விடும் அவிசேனியா இனங்கள் கொஞ்சம் உப்பை உள்ளே விட்டு, பிறகு இலையிலுள்ள சுரப்பிகளால் வெளியே தள்ளும். மழையில்லாத நாளில் அந்த இலையை நக்கிப் பாருங்கள், உப்புக் கரிக்கும். இலைக்கலங்களும் கரையத்தைக் கூட்டி வைத்துக்கொள்கின்றன, இல்லாவிட்டால் சாற்றிலிருந்து அவற்றுக்கு நீர் கிடைக்காது.

ஏறாவூர், ஒரு தாய்: பிள்ளைக்கு வயிற்றோட்டம். ஜீவனி (நீரில் கரைத்துக் கொடுக்கும் உப்பு-சீனிப் பக்கற்று) கொடுக்கச் சொன்னார்கள். வெறும் தண்ணீர் போதாதா? அதில் ஏன் சீனியும் உப்பும்? இளநீர் கொடுக்கலாமா?

தங்கச்சி, குடலில் நீர் தனியாக உறிஞ்சப்படுவதில்லை, கரையத்தைப் பின்தொடர்ந்தே போகும். குடற்கலத்தில் ஒரு காவிப் புரதம் சோடியத்தையும் குளுக்கோசையும் சேர்த்துத்தான் உள்ளே எடுக்கும். வயிற்றோட்டத்திலும் அது பெரும்பாலும் கெடாமல் இருக்கும். அவை இரண்டும் உள்ளே போனால் நீர் பிரசாரணத்தால் பின்னால் வரும். வெறும் தண்ணீரில் அந்த வழி திறக்காது, இழந்த உப்பும் திரும்பாது.

அளவு ஏன் முக்கியம் என்பதும் இங்கேதான் இருக்கிறது. 2002 முதல் உலக சுகாதார நிறுவனம் சொல்லும் கலவை லீற்றருக்கு 2.6 கிராம் கறியுப்பு, 13.5 கிராம் குளுக்கோசு, 1.5 கிராம் பொற்றாசியம் குளோரைட்டு, 2.9 கிராம் சித்திரேற்று. முன்பிருந்த கலவையை விட இது ஐதானது. பக்கற்றைப் பாதித் தண்ணீரில் கரைத்தாலோ, சீனி நிறைந்த சோடா கொடுத்தாலோ, கரையம் குடலுக்குள் கூடி, உடம்பிலிருந்து நீர் குடலுக்குள் வரும். வயிற்றோட்டம் மோசமாகும். ஆகவே பக்கற்றில் போட்டிருக்கும் அளவு நீரை, கொதித்தாறிய நீரை, அப்படியே எடுங்கள். கரைத்ததை 24 மணித்தியாலத்துக்கு மேல் வைக்க வேண்டாம்.

இளநீரில் பொற்றாசியம் தாராளம், சோடியம் குறைவு. கூடவே கொடுக்கலாம், ஜீவனிக்குப் பதிலாக இல்லை. பிள்ளை சோர்ந்து கிடந்தால், கண் குழிவிழுந்தால், சலம் போகாவிட்டால், மலத்தில் இரத்தம் கண்டால், வீட்டில் வைத்துக்கொண்டிருக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

அக்கரைப்பற்று, தாதியர் பயிற்சி பெறுபவர்: சேலைன் 0.9 வீதம், டெக்ஸ்ரோஸ் 5 வீதம். இரண்டும் இரத்தத்துக்குச் சமம் என்கிறார்கள். எண் இவ்வளவு வித்தியாசப்படுகிறதே?

பிரசாரணம் நிறையைப் பார்ப்பதில்லை, துணிக்கைகளை எண்ணும். லீற்றருக்கு 9 கிராம் உப்பு என்றால் 0.154 மூல். நீரில் சோடியமும் குளோரைட்டுமாகப் பிரிந்து இரட்டிக்கும், ஆக 308 மில்லி ஒஸ்மோல் (கரைந்த துணிக்கைகளை எண்ணும் அலகு). டெக்ஸ்ரோஸ் என்பது குளுக்கோசுதான். அதன் மூலக்கூறு பாரமானது, பிரிவதும் இல்லை. எனவே 50 கிராம் போட்டால்தான் அதே அளவுக்குக் கிட்ட வரும். குருதித் திரவவிழையம் (பிளாஸ்மா) 290 அளவில் இருக்கிறது. உப்பு 0.45 வீதமளவுக்கு இறங்கினால் செங்குருதிக் கலங்கள் வெடிக்கத் தொடங்கும், சுவர் இல்லையே. தூய நீரை நாளத்தில் ஏற்றக்கூடாது என்பது அதனால்தான்.

வாழைச்சேனை, மீனவர்: கொடுவா கடலிலும் வாவியிலும் பிழைக்கிறதே, எப்படி? இன்னொன்று, நாங்கள் நெடுநேரம் தண்ணீரில் நின்றால் விரல் சுருங்குவதும் பிரசாரணமா?

கடலில் மீன் உடம்பிலிருந்து நீர் வெளியே போய்க்கொண்டேயிருக்கும். ஆகவே கடல்நீரைக் குடித்து, மிஞ்சிய உப்பைப் பூவிலுள்ள (செவுளிலுள்ள) கலங்களால் வெளியே தள்ளும். நன்னீரில் தலைகீழ். நீர் தானாக உள்ளே வரும், உப்பு கசிந்து போகும். அப்போது குடிப்பதைக் குறைத்து, நிறைய ஐதான சலம் விட்டு, பூவால் உப்பை உள்ளே எடுக்கும். கொடுவா இந்த இரண்டு முறைக்கும் மாறக்கூடியது. உப்பைத் தள்ளும் வேலைக்குச் சக்தி தேவை, நீர் மட்டும்தான் இலவசம்.

விரல் சுருங்குவது பிரசாரணம் இல்லை. நரம்பு சொல்லி விரல் நுனியின் குருதிக் குழாய்கள் ஒடுங்குவதால் தோல் மடிகிறது. நரம்பு அறுந்த விரல் தண்ணீரில் சுருங்குவதில்லை என்று 1930களிலேயே கவனித்துவிட்டார்கள்.

பாசிக்குடா: கருவாட்டுக்கு உப்புப் போடுவது?

அது பிரசாரணம்தான், ஆனால் முழுவதும் இல்லை. மீன் செத்தபின் மென்சவ்வுகள் மெல்லமெல்லக் கெட்டுவிடும், அப்புறம் உப்பும் தசைக்குள் ஊறும். பற்றீரியாவின் மென்சவ்வு உயிரோடு இருக்கிறது. அதன் நீரை உப்பு எடுத்துவிடுவதால்தான் கருவாடு கெடாமல் இருக்கிறது.

மருதமுனை: கிணற்று நீர் உவர். ஆர்.ஓ. (எதிர்ப் பிரசாரண) வடி போட்டோம். பாதிக்கு மேல் தண்ணீர் வெளியே போகிறது, பழுதா?

பழுதில்லை. பம்பி, பிரசாரண அமுக்கத்தை மிஞ்சித் தள்ளி நீரை எதிர்த்திசையில் கடக்க வைக்கிறது. மறிக்கப்பட்ட உப்பைக் கழுவிக்கொண்டு போக நீர் வேண்டும், இல்லாவிட்டால் மென்சவ்வு அடைத்துவிடும். அந்தக் கழிவு நீரில் நிலம் கழுவலாம், கக்கூசுக்கு ஊற்றலாம். மிளகாய்க் கன்றுக்கு மட்டும் ஊற்றிவிடாதீர்கள்.