டப்பாவில் இருப்பதும் குடலுக்குக் கிடைப்பதும்

உணவு, செரிமானம், குடல் நலம் பற்றிய வாசகர் கேள்விகளுக்கு உணவு விஞ்ஞானி ஒருவர் பதில் சொல்கிறார்.

கேள்வி: நீங்கள் மருத்துவரும் இல்லை, உணவு ஆலோசகரும் இல்லை என்கிறீர்கள். அப்படியென்றால் ஆய்வகத்தில் நாள் முழுக்க என்னதான் வேலை?

பதில்: செரிக்க வைப்பது. விளையாட்டுக்குச் சொல்லவில்லை. ஒரு உணவை அரைத்துக் கண்ணாடிக் குடுவையில் போட்டு, உடல் சூடான 37 டிகிரியில் வைத்து, உள்ளே நடப்பதைக் கட்டம் கட்டமாக வெளியே நடத்திப் பார்ப்போம். முதலில் உமிழ்நீர் நொதியோடு 2 நிமிடம். அப்புறம் அமிலமும், புரதத்தை உடைக்கும் பெப்சின் நொதியும் சேர்த்து 2 மணி நேரம், அதுதான் வயிறு. அடுத்து அமிலத்தைத் தணித்து, பித்த உப்பும் கணைய நொதிகளும் கலந்து இன்னொரு 2 மணி நேரம்; அது சிறுகுடல். முன்பெல்லாம் ஆளுக்கொரு முறையில் செய்துகொண்டிருந்தார்கள், ஒருவர் முடிவை இன்னொருவர் முடிவோடு ஒப்பிடவே முடியாது. 2014-இல் பல நாட்டு ஆய்வாளர்கள் சேர்ந்து 'இன்ஃபோஜெஸ்ட்' என்ற பெயரில் ஒரு பொது வழிமுறையை வெளியிட்ட பிறகுதான் ஓர் ஒழுங்கு வந்தது.

இவ்வளவுக்குப் பிறகும் செரிக்காமல் மிஞ்சுகிறதே, அதுதான் என் வேலைக்கு முக்கியம். அதை ஆக்சிஜன் இல்லாத பாத்திரத்துக்கு மாற்றி, தன்னார்வலர்கள் கொடுத்த மலத்திலிருந்து எடுத்த நுண்ணுயிரிகளைச் சேர்த்து ஓரிரு நாள் விடுவோம். பெருங்குடல் தயார். திறக்கும்போது வரும் வாடையைப் பற்றிக் கேட்காதீர்கள். கெட்டுப்போன வெண்ணெய் வாடை, ப்யூட்டிரிக் அமிலத்துடையது. மற்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு நகர்வார்கள், எனக்கு அது வந்தால்தான் நிம்மதி. காரணம் கீழே ஒரு பதிலில் வருகிறது.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். குடுவைக்கு நோய் எதிர்ப்பு மண்டலம் கிடையாது, கல்லீரல் கிடையாது, கவலை கிடையாது. அதனால் 'ஆய்வகத்தில் நிரூபிக்கப்பட்டது' என்று விளம்பரத்தில் பார்த்தால், குடுவையிலா, எலியிலா, மனிதரிலா என்று கேட்கும் பழக்கம் வேண்டும்.

கேள்வி: நான் வாங்கும் பழப்பொடி டப்பாவில், ஆரஞ்சைவிடப் பல மடங்கு ஆன்டிஆக்ஸிடன்ட் இருக்கிறது என்று போட்டிருக்கிறார்கள். நம்பலாமா?

பதில்: சோதனைக் குழாய்க்குள் நம்பலாம். அந்த மாதிரி எண்கள் பெரும்பாலும் 'ஓராக்' போன்ற சோதனைகளிலிருந்து வருபவை. ஒரு திரவத்தில் ஆக்சிஜனேற்றத்தைத் தூண்டிவிட்டு, நீங்கள் சேர்த்த சாறு அதை எவ்வளவு நேரம் தடுக்கிறது என்று அளப்பார்கள். அவ்வளவுதான் அதன் எல்லை. அமெரிக்க வேளாண் துறை இப்படி ஒரு பெரிய பட்டியலையே இணையத்தில் வைத்திருந்தது. உடலுக்குள் நடப்பதற்கும் இந்த எண்களுக்கும் தொடர்பில்லை, ஆனால் வியாபாரிகள் இதைத் தவறாகப் பயன்படுத்துகிறார்கள் என்று சொல்லி 2012-இல் அதை நீக்கிவிட்டது. பட்டியல் போய்விட்டது, டப்பாக்கள் போகவில்லை.

ஏன் தொடர்பில்லை? பழங்களில் ஆன்டிஆக்ஸிடன்டாக வேலை செய்பவை பெரும்பாலும் பாலிபீனால் என்ற தாவரப் பொருட்கள். அவற்றில் பெரும்பகுதி, 90 சதவீதத்துக்கு மேல் என்று மதிப்பிடுகிறார்கள், சிறுகுடலில் உறிஞ்சப்படுவதே இல்லை. உறிஞ்சப்படும் கொஞ்சத்தையும் கல்லீரல் உடனே உருமாற்றி வெளியே தள்ளப் பார்க்கும். ரத்தத்தில் ஏற்கெனவே ஆன்டிஆக்ஸிடன்டாக இருக்கும் யூரிக் அமிலத்தின் அளவுக்கு முன்னால் இவை ஒன்றுமே இல்லை. அந்தப் பொடியைக் குடித்ததும் ரத்தம் முழுக்க ஆன்டிஆக்ஸிடன்ட் ஓடும் என்று நினைத்தால் ஏமாற்றம்தான்.

'அதிகம் என்றால் நல்லது' என்ற கணக்கும் தப்பு. பின்லாந்தில் 29,133 ஆண் புகைப்பிடிப்பவர்களை வைத்து ஒரு பெரிய ஆய்வு நடந்தது. கேரட்டில் இருக்கும் அதே பீட்டா கரோட்டினை மாத்திரையாக, தினம் 20 மில்லிகிராம் கொடுத்தார்கள். நுரையீரல் புற்றுநோய் குறையும் என்பது எதிர்பார்ப்பு. 1994-இல் முடிவு வந்தபோது, அந்த மாத்திரை சாப்பிட்டவர்களிடம் புற்றுநோய் 18 சதவீதம் கூடியிருந்தது. அமெரிக்காவில் இதே போன்ற இன்னொரு ஆய்வை, அங்கேயும் பாதிப்பு தெரிந்ததால், பாதியில் நிறுத்தினார்கள். இதைப் படித்துவிட்டுக் கேரட்டைக் கண்டு பயப்பட வேண்டாம். உணவில் இருக்கும் அளவு வேறு, மாத்திரையில் அடைத்த அளவு வேறு.

கேள்வி: தோழியும் நானும் ஒரே மாதிரி மாதுளையும் வால்நட்டும் சாப்பிட ஆரம்பித்தோம். அவளுக்குப் பலன் தெரிகிறதாம், எனக்கு ஒன்றுமே இல்லை. இது மனப்பிரமையா?

பதில்: தோழிக்குத் தெரிகிற பலன் என்னவென்று நீங்கள் எழுதவில்லை, அதனால் பிரமையா இல்லையா என்று தீர்ப்பு சொல்ல மாட்டேன். ஆனால் ஒரே பழம் இரண்டு பேருக்குள் போய் இரண்டு விதமாக மாறுவது நிஜம். இத்தனை வருடத்துக்குப் பிறகும் எனக்கு இந்த வேலையில் அலுக்காத பகுதி இதுதான்.

மாதுளை, வால்நட் இரண்டிலும் எல்லாஜிடானின் என்ற பெரிய மூலக்கூறுகள் இருக்கின்றன. பெரிது என்றால் குடல் சுவரைத் தாண்ட முடியாத அளவு பெரிது. வழியில் உடைந்து எல்லாஜிக் அமிலம் ஆகும். அதுவும் சரியாக உள்ளே போகாது. பெருங்குடலுக்கு வந்த பிறகு அங்கிருக்கும் பாக்டீரியாக்கள் அதைப் படிப்படியாகச் செதுக்கி யூரோலித்தின்களாக மாற்றுகின்றன. இவை எளிதாக ரத்தத்தில் சேரும். பழத்தில் யூரோலித்தின் துளிகூடக் கிடையாது, கவனியுங்கள். உங்களுக்குள் குடியிருப்பவர்கள் செய்து தருவது அது.

குடியிருப்பவர்கள் ஆளுக்கு ஆள் வேறு. சிலருக்கு முக்கியமாக யூரோலித்தின்-ஏ உருவாகிறது. சிலருக்கு அதோடு யூரோலித்தின்-பி போன்ற வேறு வகைகளும். சிலருக்கு எதுவுமே உருவாவதில்லை. ஒரு கூடை மாதுளை சாப்பிட்டாலும் அப்படித்தான். சோயாவிலும் இதே கதை. அதில் உள்ள டெய்ட்சீன் என்ற பொருளை ஈக்வால் என்ற இன்னொரு பொருளாக மாற்றும் பாக்டீரியாக்கள் மேற்கத்திய மக்களில் சுமார் 30 சதவீதம் பேரிடமும், கிழக்காசிய மக்களில் 50 முதல் 60 சதவீதம் பேரிடமும் இருப்பதாக ஆய்வுகள் சொல்கின்றன. சோயா ஆய்வுகள் ஒன்றுக்கொன்று முரண்படுவதற்கு இதுவும் ஒரு காரணம். எல்லோரையும் ஒன்றாகப் போட்டுச் சராசரி எடுத்தால், பலன் பெற்றவரும் பெறாதவரும் கலந்து ஒரு மங்கலான எண்தான் வரும். என் குடுவைகளிலும் பார்க்கிறேன்: உணவு ஒன்று, கொடையாளர் இரண்டு பேர், முடிவுகள் ஏதோ இரண்டு வேறு உணவுகளைச் சோதித்தது போல இருக்கும்.

உங்களுக்கு யூரோலித்தின் உருவாகவில்லை என்றே வைத்துக்கொள்வோம். அது நோய் இல்லை, குறையும் இல்லை. மாதுளையில் வேறு சத்துகள் இருக்கின்றன, வால்நட்டில் நல்ல கொழுப்பு இருக்கிறது. பிடித்தால் சாப்பிடுங்கள். தோழியோடு போட்டி மட்டும் வேண்டாம்.

கேள்வி: குடலுக்கு நல்லது என்று திடீரென்று நார்ச்சத்தைக் கூட்டினேன். வயிறு பந்து மாதிரி உப்பிவிட்டது. விட்டுவிடலாமா?

பதில்: விட வேண்டாம், வேகத்தைக் குறையுங்கள். நார்ச்சத்தை நம் நொதிகளால் உடைக்க முடியாது, பெருங்குடல் பாக்டீரியாக்கள்தான் நொதிக்க வைக்கின்றன. நொதித்தால் வாயு வரத்தான் செய்யும். கூடவே அசிட்டேட், புரோப்பியனேட், ப்யூட்டிரேட் என்று மூன்று சிறிய கொழுப்பு அமிலங்களும் வருகின்றன. மேலே சொன்ன நாற்றக்காரர், ப்யூட்டிரிக் அமிலம், ஞாபகம் இருக்கிறாரா? ப்யூட்டிரேட் அவரின் இன்னொரு வடிவம்தான். பெருங்குடலின் உட்சுவர்ச் செல்களுக்கு முக்கிய எரிபொருள் அவர்தான். தங்களுக்கு வேண்டிய ஆற்றலில் சுமார் 70 சதவீதத்தை அவை ப்யூட்டிரேட்டிலிருந்து எடுத்துக்கொள்கின்றன. உடலின் மற்ற பல செல்கள் ரத்தத்தில் வரும் குளுக்கோஸ் போன்றவற்றை எதிர்பார்க்கும்போது, இவை பாக்டீரியாவின் கையை எதிர்பார்த்து வாழ்கின்றன.

பெரியவர்களுக்கு நாளுக்குக் குறைந்தது 25 கிராம் நார்ச்சத்து வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பலர் பாதியைக்கூடத் தொடுவதில்லை. பாதியிலிருந்து முழுசுக்கு ஒரே நாளில் தாவினால் வயிறு கோபித்துக்கொள்ளும். சில வாரங்கள் எடுத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள், தண்ணீரையும் கூட்டுங்கள். ஒரே பொடியிலிருந்து மொத்தத்தையும் எடுக்காமல் பருப்பு, பயறு, முழுத் தானியம், காய், பழம் என்று பிரித்துக்கொள்ளுங்கள். குறிப்பாக இனுலின் என்ற நார்ச்சத்து சேர்த்த பொடி, பிஸ்கட் எல்லாம் வேகமாக நொதிக்கும், உப்புசம் அதிகம். எரிச்சல் குடல் பிரச்சினை உள்ளவர்களுக்கு வெங்காயம், பூண்டு, பயறு கூட ஒத்துக்கொள்ளாமல் போகலாம். அவர்கள் உணவு ஆலோசகரின் துணையோடு செய்வதே சரி. மலத்தில் ரத்தம், காரணமில்லாத எடைக் குறைவு, விடாத வலி இருந்தால் எனக்கு எழுதிக்கொண்டிருக்காமல் மருத்துவரிடம் போங்கள்.

கேள்வி: காய்கறியைப் பச்சையாகச் சாப்பிட்டால்தான் சத்து முழுசாகக் கிடைக்கும் என்கிறார்களே?

பதில்: எந்தக் காய், எந்தச் சத்து என்று கேட்காமல் பதில் சொல்ல முடியாது. தக்காளியின் சிவப்பு நிறமியான லைகோபீன், வேகவைத்து எண்ணெய் சேர்த்தால்தான் நன்றாகக் கிடைக்கும். கேரட்டும் அப்படியே, கொழுப்பே இல்லாத சாலட்டில் இருந்து கரோட்டினாய்டு நிறமிகள் ஏறக்குறைய வந்த வழியே போய்விடும். வைட்டமின் சி-க்கு நேர் எதிர், சூடும் தண்ணீரும் அதற்கு ஆகாது.

பூண்டும் பிராக்கோலியும் தனி ரகம். பூண்டின் வாடைக்குக் காரணமான அல்லிசின் அதில் முன்கூட்டியே இருப்பதில்லை. நசுக்கும்போது செல்கள் உடைந்து, தனித்தனியாக இருந்த அல்லீனும் அல்லினேஸ் நொதியும் சந்தித்தால்தான் உருவாகும். நசுக்கிய நொடியே சூடான எண்ணெயில் போட்டால் நொதி செத்துவிடும். நசுக்கி 10 நிமிடம் வைத்துவிட்டு அப்புறம் சமையுங்கள். பிராக்கோலியையும் நறுக்கிக் கொஞ்ச நேரம் விட்டுச் சமைத்தால், அதிலுள்ள மைரோசினேஸ் நொதி வேலை செய்து சல்ஃபோராபேன் என்ற பொருள் கூடுதலாக உருவாகும். மறந்துபோய் வேகவைத்துவிட்டீர்களா? மேலே கொஞ்சம் கடுகுப் பொடி தூவுங்கள், அந்த மைரோசினேஸ் கடுகிலும் இருக்கிறது.

கேள்வி: மஞ்சளிலிருந்து எடுக்கும் குர்குமின் மாத்திரையில் மிளகுச் சத்தும் சேர்த்திருக்கிறார்கள். 20 மடங்கு உறிஞ்சுமாம். வாங்கலாமா?

பதில்: அந்த 20 மடங்கு 1998-இல் வந்த ஓர் ஆய்விலிருந்து எடுத்தது. எண் பொய் இல்லை. ஆனால் 2 கிராம் குர்குமினைத் தனியாகக் கொடுத்தபோது அந்த ஆய்வில் ரத்தத்தில் கண்டுபிடிக்கவே சிரமமான அளவுதான் இருந்தது. ஒன்றுமில்லாததை 20-ஆல் பெருக்கினால் என்ன வரும் என்று நீங்களே கணக்குப் போடுங்கள். இன்னொன்று, மிளகுச் சத்தான பைப்பரின் இதைச் செய்வது கல்லீரல் பொருட்களை வெளியேற்றும் வழியை மந்தப்படுத்தி. அதே வழியில் வெளியேற வேண்டிய மருந்துகளும் ரத்தத்தில் கூடலாம். மஞ்சள், குர்குமின் மாத்திரைகளால் கல்லீரல் பாதிக்கப்பட்டவர்களைப் பற்றி இத்தாலியிலும் ஆஸ்திரேலியாவிலும் அரசே எச்சரித்திருக்கிறது. சமையலில் போடும் மஞ்சளுக்கு இந்தப் பேச்சு பொருந்தாது. தினமும் வேறு மருந்து சாப்பிடுபவராக இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் வாங்காதீர்கள்.

கேள்வி: நம் செல்களைவிட 10 மடங்கு பாக்டீரியா உடலில் இருக்கிறதாமே?

பதில்: பழைய கணக்கு. 2016-இல் மறுபடி எண்ணிப் பார்த்தவர்கள் ஏறக்குறைய சமம் என்றார்கள்: நம் செல்கள் சுமார் 30 லட்சம் கோடி, பாக்டீரியா சுமார் 38 லட்சம் கோடி. மொத்த பாக்டீரியாவின் எடை 200 கிராம்தான்.

கேள்வி: ஆன்டிபயாடிக் முடித்ததும், நல்ல பாக்டீரியா அடங்கிய புரோபயாடிக் மாத்திரை கட்டாயம் எடுக்க வேண்டுமா?

பதில்: கட்டாயம் இல்லை. ஆன்டிபயாடிக் சாப்பிடும்போது வரும் வயிற்றுப்போக்கைச் சில வகை புரோபயாடிக்குகள் குறைக்கின்றன, அதற்குச் சான்று உண்டு. ஆனால் 'பழைய குடலைத் திருப்பித் தரும்' என்பது வேறு வாக்குறுதி. 2018-இல் இஸ்ரேலின் வைஸ்மான் ஆய்வு நிலையம் வெளியிட்ட ஒரு சிறிய ஆய்வில், ஆன்டிபயாடிக்குக்குப் பிறகு புரோபயாடிக் எடுத்தவர்களின் சொந்த நுண்ணுயிரிகள் திரும்பி வர, எதுவும் எடுக்காதவர்களைவிட அதிக காலம் பிடித்தது. வந்து குடியேறியவை இடம் விடவில்லை. சிறிய ஆய்வுதான், இதை வைத்து முடிவு கட்ட மாட்டேன். என்றாலும் மாத்திரை டப்பாவில் இருக்கும் உறுதி எனக்கு இல்லை.

கேள்வி: மலத்தைத் தபாலில் அனுப்பினால் குடல் நுண்ணுயிரிகளுக்கு மதிப்பெண் போட்டு அனுப்புகிறார்கள். எனக்கு 100-க்கு 54. என்ன செய்வது?

பதில்: ஒன்றும் செய்ய வேண்டாம். ஆரோக்கியமான குடல் என்றால் இந்த பாக்டீரியா இத்தனை சதவீதம் இருக்க வேண்டும் என்று எல்லோரும் ஒப்புக்கொண்ட அளவுகோல் இன்னும் யாரிடமும் கிடையாது. அப்புறம் எதற்கு எதிரே 54? அதோடு, உணவை மாற்றினால் நுண்ணுயிரிகளின் கலவை ஓரிரு நாளிலேயே அசைந்துகொடுக்கும், பழைய உணவுக்குப் போனால் திரும்பியும்விடும். நீங்கள் அனுப்பியது ஒரு நாளின் மாதிரி. அறிக்கையோடு வந்த 'தவிர்க்க வேண்டிய உணவுகள்' பட்டியலைப் பார்த்துப் பாலையும் கோதுமையையும் பயறையும் நிறுத்திவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். அவை உங்களுக்கு முன்பு ஒத்துக்கொண்டவை என்றால் இன்றைக்கே திரும்ப ஆரம்பியுங்கள். பயறை மட்டும் முதல் வாரம் கொஞ்சமாக.